பதினான்காம் கேள்விக்குப் பூட்டுக்காரர் எழுதிய பதில்

பூட்டுக்காரரின் இடது முழங்கால் மடங்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டு மாடிக் கதவைத் திறக்கப் போனார். கதவு திறந்துகொண்டது, ஏறி நின்ற முக்காலி உடைந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தக் கால் அவர் கூடவே வரும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. உட்கார்ந்து சாவி ராவுகிறவருக்குக் கால் எதற்கு என்று கேட்பீர்கள். பூட்டுத் தொழிலில் பாதி வேலை கடைக்கு வராது ஐயா. பூட்டிக்கொண்ட கதவை எவரும் தோளில் தூக்கிக்கொண்டு வருவதில்லை. இவர்தான் போகவேண்டும், அதுவும் கூப்பிட்ட நிமிஷமே போகவேண்டும். ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், அல்லது குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

அதனால் சைக்கிளில் ஒரு மோட்டார் வைத்துக்கொண்டார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் மெக்கானிக் ஒருவர் பின்சக்கரத்தில் சின்னக் கிண்ணம் அளவுக்கு ஒன்றைப் பொருத்தி, கேரியரில் இருந்த சாமான் பெட்டிக்குள் பேட்டரியை அடக்கிக் கொடுத்தார். வலது கால் ஒரு மிதி மிதிக்கும். இடது கால் மிதிக்கவேண்டியதை மோட்டார் மிதிக்கும். இடது கால் பாட்டுக்கு ஒரு கம்பியின் மேல் நீட்டிக்கொண்டு சவாரி வரும். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. யார் மேலும் இடிக்கவில்லை. ஒரே ஒருமுறை ஒரு நாய் துரத்தியது. அதுவும் சலித்துப்போய் முந்திக்கொண்டு போய்விட்டது.

பிடித்தது நாற்சந்தியில். அது சாலைப் பாதுகாப்பு மாதம். சாலைத் துறைக்காரர்கள் நடைபாதையை அடைத்து ஒரு பெரிய தட்டி கட்டியிருந்தார்கள். அதில் ‘நடைபாதையில் நடங்கள்’ என்று எழுதியிருந்தது. தட்டியைச் சுற்றி ஜனங்கள் நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். தட்டியின் நிழலில் நின்ற சாலை ஆய்வாளர் பூட்டுக்காரரைக் கை காட்டி நிறுத்தினார்.

"என்ன இது?"

"சைக்கிளுங்க."

"சைக்கிள்ல மோட்டார் எப்படி வந்துச்சு?"

"கால் சரியில்லைங்க. அதுக்காக வெச்சது."

"கால் சரியில்லைன்னா கால்ல வைக்கணும். சக்கரத்துல எதுக்கு வெச்சீங்க?"

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி போயிற்று. முன்விளக்கில் ஒரு கண் குருடு, பின்விளக்கு இல்லை, பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது, ஓட்டுகிறவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஆய்வாளரும் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? அது பதிவான வண்டி" என்றார்.

சைக்கிளைத் துறையின் பறிமுதல் கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். கையில் ஒரு ரசீது கொடுத்தார்கள். ‘மிதிவண்டி போன்ற மோட்டார் வாகனம் அல்லது மோட்டார் வாகனம் போன்ற மிதிவண்டி – ஒன்று’ என்று அதில் எழுதியிருந்தது. பூட்டுக்காரர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வீடு வந்து சேர்ந்தார். வீடு என்றால் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு.

அவர் மனைவிதான் கடை போனை எடுப்பவள். எந்தத் தெரு, எந்தக் கதவு, என்ன பூட்டு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேட்டா குடுத்துடுவாங்க, நாம என்ன திருடியா வெச்சிருக்கோம்" என்றாள். பாவம், அவளுக்குக் கதவுகளைத் தெரியும், அலுவலகங்களைத் தெரியாது.

சாலைத் துறை அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாததால் ஓடாது. அந்தச் சான்றிதழைக் கொடுக்கிற அலுவலகம் இதுவேதான். நாற்பத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து இடது காலைத் தூக்கி வைத்து ஏறினார். மேலே உட்கார்ந்திருந்த எழுத்தரம்மா நல்ல மாதிரி. வள்ளென்று விழவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் பூட்டுக்காரரைப் பயமுறுத்தியது.

சைக்கிள் என்றால் இருபதுக்கு மேல் போகக்கூடாதாம். மோட்டார் வாகனம் என்றால் அந்தச் சாலையில் நாற்பதுக்குக் கீழே போகக்கூடாதாம். ஆய்வாளர் எழுதியிருக்கிற குறிப்புப்படி இவர் போனது இருபத்திரண்டு.

"அப்ப எந்த வேகத்துல போனா சரிங்க?"

"நிக்கறப்ப சரிங்க" என்றார் எழுத்தரம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ரோட்டுல நிக்கக்கூடாது. அது இடையூறு" என்று திருத்திக்கொண்டார்.

வழி இல்லாமல் இல்லை. ‘கால் இயலாதோர் விலக்கு’ என்று ஒரு விதி இருந்தது. கால் இயலாதவர் மோட்டார் பொருத்திய சைக்கிளை ஓட்டலாம். அதற்கு ஒரு படிவம், ஒரு மருத்துவச் சான்று, பாதுகாப்புக் குழுவின் சோதனை, கடைசியாக இயக்குநரின் கையெழுத்து. பூட்டுக்காரருக்கு உயிர் வந்தது. அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். பதின்மூன்று கேள்விவரை வழுக்கிக்கொண்டு போயிற்று. பதினான்காம் கேள்வி இது: ‘மோட்டார் மிதிப்பவருக்கு உதவுகிறதா, மிதிப்பவர் மோட்டாருக்கு உதவுகிறாரா?’

முதலாவது என்றால் சைக்கிள். இரண்டாவது என்றால் மோட்டார் வாகனம். இதெல்லாம் பூட்டுக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மேட்டில் மோட்டார் திணறினால் இவர் வலது காலால் உந்துவார், சமதரையில் இவர் களைத்தால் மோட்டார் இழுக்கும். தொழிலில் பொய் சொல்லாத மனிதர். திறக்க முடியாத பூட்டை முடியாது என்றே சொல்லிப் பழகியவர். பேனாவை எடுத்து ‘இருவரும்’ என்று எழுதினார்.

எழுத்தரம்மா அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவரும்னு எழுதிட்டீங்களே. இருவர்னா ரெண்டு ஆள். அப்ப அன்னைக்கு வண்டியில ரெண்டு பேர் போயிருக்கீங்க. அது தனிக் குற்றம்."

"ரெண்டு பேர் இல்லைங்க. நானும் மோட்டாரும்."

"மோட்டார் அஃறிணைங்க. அத இருவர்ல சேக்க முடியாது."

"அப்ப அடிச்சிட்டு ‘இரண்டும்’னு எழுதிடட்டுங்களா?"

"எழுதலாம். ஆனா நீங்களும் அஃறிணை ஆயிடுவீங்க. அஃறிணை விண்ணப்பம் போட முடியாது."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னார். கோப்பு ‘மொழி விளக்கத்துக்காக’ வேறொரு பிரிவுக்குப் போயிற்று. அந்தப் பிரிவில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் விடுப்பில் இருந்தார்.

இறங்கப் போகும்போது பூட்டுக்காரரின் கண் பழக்கதோஷத்தில் திறந்திருந்த ஆவண அறைக் கதவில் விழுந்தது. புதுப் பூட்டு. கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். ஆனால் உள்பக்கப் பிடியை, பூட்டின் நாக்கை இழுக்காதபடி தலைகீழாக வைத்துத் திருகியிருந்தார்கள். பின்னால் வந்த சிப்பந்தியிடம், உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் வெளியே வர முடியாது, இரண்டு திருகைக் கழற்றித் திருப்பிப் போட்டால் போதும், நானே போட்டுத் தருகிறேன் என்றார். சிப்பந்தி, அது கட்டடப் பிரிவு, இங்கே யாரும் கை வைக்கக்கூடாது என்றார். சரி, நமக்கென்ன என்று இவர் படி இறங்கினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு ஆகாது.

வாரங்கள் போயின. கடை போன் மணியடிக்கும். மனைவி எழுதிக்கொள்வாள். பக்கத்துத் தெரு என்றால் இவர் நடப்பார். தூரம் என்றால் மனைவி, "அவர் வர நேரமாகுங்களே" என்பாள். மறுமுனையில் போனை வைத்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு பெண் கூப்பிட்டாள். குழந்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. இவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது கதவை உடைத்திருந்தார்கள். குழந்தையின் கையில் கொதிநீர் பட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உடைந்த கதவைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் நின்றார்கள். ஒருவர்கூட இவரைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். சைக்கிள் இருந்திருந்தால் ஆறு நிமிஷம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அலுவலகத்தை விடவே இல்லை. சைக்கிளையாவது ஒரு கண் பார்க்கலாம் என்று ஒருநாள் கொட்டடிக்குப் போனார். அங்கே காவலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கொட்டடிச் சாவி தொலைந்துவிட்டது, மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பூட்டுக்காரர் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். இவருக்கும் ஒரு நப்பாசை. வெற்றுச் சாவியை உள்ளே விட்டு அச்செடுத்து, அரத்தால் ராவி, கால் மணி நேரத்தில் பூட்டைத் திறந்தார். உள்ளே மூன்றாவது வரிசையில் அவர் சைக்கிள் நின்றது. சாமான் பெட்டி மேல் காக்கை எச்சம். காவலாளி புதுச் சாவியை வாங்கி, இரண்டு தரம் திருப்பிப் பார்த்து, திருப்தியாகி, அவர் கண்ணெதிரே கதவை மறுபடி பூட்டினார்.

"ரொம்ப உதவி பண்ணீங்க. இனிமே உள்ள இருக்கறது பத்திரமா இருக்கும்" என்றார்.

பாதுகாப்புக் குழு ஒரு வழியாக வந்தது. மூன்று பேர். நடுவில் இயக்குநர், பக்கத்தில் பாதுகாப்பு வல்லுநர், மூன்றாமவர் குறிப்பெடுப்பவர். சைக்கிளைக் கொட்டடி முற்றத்தில் நிறுத்தினார்கள். ஓட்டிக்காட்டுகிறேன் என்று பூட்டுக்காரர் முன்னே வந்தார். ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால் பாதுகாப்பு தெரியாது என்று வல்லுநர் அவரைத் தடுத்துவிட்டுத் தானே ஏறினார். வல்லுநர் சைக்கிளே ஓட்டியதில்லை. ஆனால் அதைப் பற்றி இரண்டு அறிக்கை எழுதியிருக்கிறார். விசையைத் திருகினார். சைக்கிள் பத்தடி போயிற்று. வல்லுநர் எட்டடிதான் போனார். பறிமுதல் செய்து குவித்திருந்த தலைக்கவசங்களின் மேல் விழுந்ததால் அடி படவில்லை. அவற்றில் ஒன்றுகூட அவர் தலையில் இல்லை. எழுந்து தூசி தட்டிவிட்டு, ‘வாகனம் ஓட்டுபவரைத் தள்ளிவிடும் இயல்புடையது’ என்று எழுதச் சொன்னார். பரிகாரமாக இருக்கைப் பட்டி போடச் சொன்னார். விழுந்தால் ஆளும் வண்டியும் ஒன்றாக விழவேண்டும், தனித்தனியாக விழுந்தால் விசாரணை கஷ்டம் என்றார்.

பிறகு இயக்குநர் பேசினார். அவருக்கு முன்னால் ஆறே பேர்தான் நின்றார்கள். அதில் ஒருவர் காவலாளி, இன்னொருவர் பூட்டுக்காரர். இருந்தாலும் மேடையில் நிற்பதுபோலவே பேசினார்.

"போன வருஷம் நம்ம ரோடுகள்ல எத்தனையோ பேர் செத்தாங்க. ஒருத்தர்கூட பதிவில்லாத வண்டியில அடிபடல. எல்லாருமே முறையா பதிவான வண்டியில அடிபட்டவங்க. அதனாலதான் ஒவ்வொருத்தர் பேரும் நம்மகிட்ட இருக்கு. நாளைக்கு இந்த மாதிரி ஒரு சைக்கிள் யாரையாவது லேசா இடிச்சிடுதுன்னு வைங்க. அத எந்தப் பிரிவுல எழுதுவோம்? இவருக்குத் தன் கால் மட்டும்தான் தெரியும். எனக்கு எல்லார் காலும் தெரியணும்."

குறிப்பெடுப்பவர் கைதட்டினார். காவலாளியும் தட்டினார். பூட்டுக்காரரும் எதற்கு வம்பு என்று இரண்டு தட்டு தட்டினார். தட்டியபின் அவருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆனாலும் கோப்பு நகர்ந்தது. மருத்துவச் சான்று சேர்ந்தது. இருக்கைப் பட்டி தைத்துப் போட்டாயிற்று. விடுப்பில் போனவர் திரும்பி வந்து, ‘இருவரும்’ என்பதை ‘விண்ணப்பதாரர், மோட்டாரின் துணையோடு’ என்று படித்துக்கொள்ளலாம் என எழுதிவிட்டார். எழுத்தரம்மாவே போன் செய்து, நாளைக்கு இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிடுவார், மதியத்துக்கு மேல் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அன்று பூட்டுக்காரர் பேட்டரி சார்ஜரைத் துடைத்து வைத்தார். மனைவி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கடை போன் அடித்தது. மனைவி எடுத்தாள். எழுத்தரம்மாதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பழைய விதி ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று இயக்குநர் கோப்போடு ஆவண அறைக்குள் போனாராம். கதவு சாத்திக்கொண்டதாம். ஒரே சாவி அவர் பையில் இருக்கிறதாம், உள்பக்கம் சாவித் துளை கிடையாதாம். ஜன்னல் இல்லாத அறை. மனிதருக்கு மூச்சிரைப்பு வேறு உண்டு. கட்டடப் பிரிவுக்குச் சொன்னால் கடிதம் கேட்கிறார்களாம். கதவை உடைக்கலாம் என்றால் உடைக்க உத்தரவு போடவேண்டியவர் உள்ளே இருக்கிறார்.

ஜீப் அனுப்ப முடியாது. ஜீப்புகள் எல்லாம் பாதுகாப்பு மாத நிறைவு ஊர்வலத்தில் இருந்தன. அந்த ஊர்வலத்துக்காகவே பிரதான சாலையில் எந்த வண்டியும் வரக்கூடாது என்று மறித்திருந்தார்கள். மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "போகாதீங்க. அந்தக் காலோட எப்படிப் போவீங்க" என்றாள். பூட்டுக்காரருக்குக் கொதிநீர் பட்ட குழந்தை ஞாபகம் வந்தது. எவன் உள்ளே இருந்தால் என்ன, மூச்சு மூச்சுதான் என்றார். கம்பிகளையும் அரத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இரண்டரை கிலோமீட்டர். பாதி தூரம் இழுத்துக்கொண்டு நடந்தார். மீதி தூரம் ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும்; பார்த்தவர்கள் அதை ஓட்டம் என்று சொல்லமாட்டார்கள். வழியில் ஊர்வலம் போயிற்று. ‘நிதானமே பிரதானம்’ என்று அட்டை பிடித்திருந்தவர்கள் இவரைப் பார்த்து ஒதுங்கிப் போகச் சொன்னார்கள். வலது முழங்காலுக்குள் ஏதோ ஒன்று படக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு படியும் ஏறினார். ஒரே நிமிஷம். கம்பி உள்ளே போயிற்று, நாக்கு விலகிற்று, கதவு திறந்தது.

இயக்குநர் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். கோப்பு அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. பூட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்தரம்மா பேனாவை எடுத்து நீட்டினார். இப்போதுகூடக் கையெழுத்துப் போடாமல் எங்கே போவார் என்று அங்கிருந்த எல்லோருமே நினைத்தார்கள்.

"உங்க உதவிய மறக்கமாட்டேன்" என்றார் இயக்குநர். "ஊர்வலத்துல எப்படி வந்தீங்க?"

"நடந்துதாங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணிக்குள்ளங்க."

இயக்குநரின் முகம் மாறியது. கோபம் இல்லை. ஏதோ ஒரு பெரிய சிக்கல் தீர்ந்தவரின் முகம் அது. கோப்பைப் பிரித்து, மடியில் வைத்து, தானே எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்.

"‘விண்ணப்பதாரர் என் முன்னிலையில் இரண்டரை கிலோமீட்டர் தூரத்தை அரை மணிக்குள் நடந்தே வந்து, நாற்பத்திரண்டு படிகளும் ஏறினார். எனவே கால் இயலாதோர் விலக்கு இவருக்குப் பொருந்தாது.’ நீங்க வருத்தப்படக்கூடாது. பாத்த உண்மைய நான் எழுதாம விட முடியுமா? யோசிச்சுப் பாருங்க, இது உங்களுக்கு நல்ல செய்தி. உங்க கால் நல்லா இருக்கு."

எழுத்தரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முத்திரையை எடுத்துக் கொடுத்தார். பூட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கதவைப் பார்த்து, அந்தப் பிடியையாவது திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அது கட்டடப் பிரிவு, வேண்டாம் என்று இயக்குநர் அன்பாகத் தடுத்துவிட்டார்.

வீடு திரும்ப அவருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசித் தெருவில் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். வலது முழங்கால் தலையணைபோல வீங்கியிருந்தது. இனிமேல் வலது காலையும் நம்பி நிற்க முடியாது, படுக்கையில்தான் இருக்கவேண்டும் என்றார் டாக்டர். மனைவி உத்தரவை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு அதைப் போனுக்குப் பக்கத்தில், நோட்டுக்கு அடியில் வைத்தாள்.

நான்காம் நாள் போன் அடித்தது. அவள் வெந்நீர்ப் பையைக் கணவரின் காலில் வைத்துவிட்டு வந்து எடுத்தாள். எழுத்தரம்மா. இயக்குநரும் வல்லுநரும் ஏதோ கோப்புத் தேட ஆவண அறைக்குப் போனார்களாம், கதவு சாத்திக்கொண்டதாம், இருவரும் உள்ளே இருக்கிறார்களாம், உடனே அவரை அனுப்பவேண்டுமாம்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அவர் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவள் நோட்டுக்கு அடியிலிருந்து உத்தரவை எடுத்துப் பிரித்துக்கொண்டாள். எழுத்தரம்மா தனக்குப் படிவத்தை விளக்கிய அதே பொறுமையோடு, குரலை உயர்த்தாமல் மனைவி பேசினாள் என்று பூட்டுக்காரர் பிறகு சொன்னார்.

"உங்க ஆபீஸ்லயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களேம்மா, அரை மணியில நடந்தே வருவாருன்னு. கிளம்பி வந்துகிட்டேதான் இருக்காரு. உள்ள இருக்கறவங்கள நிதானமா இருக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, வெந்நீர்ப் பை ஆறிப்போயிற்றா என்று தொட்டுப் பார்க்கப் போனாள்.